ஆழம் அளந்த நான்சென்

நார்வே நாட்டின் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், அதன் கடற்கரை ஒரு கோடாக இருப்பதில்லை என்பது முதற்பார்வையிலேயே விளங்கும். கிழிந்த துணியின் ஓரம்போல் அது நூற்றுக்கணக்கான இடங்களில் பிளவுபட்டுக் கிடக்கிறது. அந்தப் பிளவுகளே ஃபியார்டுகள். பனியுகத்தில் மலைகளின்மேல் கிடந்த பனிப்பாறைகள் கடலை நோக்கி நகர்ந்தபோது பள்ளத்தாக்குகளை ஆழமாகக் குடைந்தன. பனி உருகியபின் அந்தப் பள்ளங்களில் கடல் புகுந்தது. அவற்றுள் மிக நீண்டதான சோக்னெ ஃபியார்டு 200 கி.மீ.க்கு மேல் உள்நாட்டுக்குள் செல்கிறது; அதன் ஆழம் 1,300 மீட்டர்.

ஆயினும் ஃபியார்டின் வியப்பு அதன் ஆழம் மட்டுமன்று. பெரும்பாலான ஃபியார்டுகளில், கடலோடு சேரும் வாயிலில், நீருக்கடியில் ஒரு மேடு உண்டு. வீட்டு வாசற்படியைப் போல அது உள்ளே இருக்கும் ஆழமான நீரையும் வெளியே இருக்கும் கடல்நீரையும் பிரித்து நிற்கிறது. மேலே நின்று பார்ப்பவருக்கு அந்தப் படி தெரியாது. ஒரே நீர்ப்பரப்புதான் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆழத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அவர் ஃபிரிட்யாஃப் நான்சென்.

அவரைப் பற்றி நான் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு; அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாமாண்டில் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் செய்முறை எங்களுக்கு இருந்தது. மூன்று மாதிரிகளை அளக்க வேண்டும். நேரம் போதவில்லை. முதல் மாதிரியின் விடையைக் கொண்டே மற்ற இரண்டையும் எழுதி, பதிவேட்டைக் கொடுத்துவிட்டேன். மறுநாள் எங்கள் ஆசிரியர் என்னை அழைத்தார். கிணற்று நீருக்கும், குளத்தின் மேல்நீருக்கும், குளத்தின் அடிநீருக்கும் எப்படியப்பா இரண்டாம் தசமம்வரை ஒரே விடை வந்தது என்று கேட்டார். நான் தலைகுனிந்து நின்றேன். அவர் கடிந்து பேசவில்லை. நூலகத்துக்குப் போய் நான்சென் என்பவரின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வா என்றார். துருவப் பயணி ஒருவருக்கும் என் பதிவேட்டுக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிக்கொண்டேதான் போனேன்.

நான்சென் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், இன்று ஆஸ்லோ என்று வழங்கும் கிறிஸ்டியானியா நகருக்கு அருகே பிறந்தார். தந்தை வழக்கறிஞர். தாயோ பனிச்சறுக்கில் தேர்ந்தவர். காடும் பனியும் சூழ வளர்ந்த அந்தப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் விலங்கியலைத் தேர்ந்தெடுத்தார். 1882இல் கடல்நாய் வேட்டைக் கப்பல் ஒன்றில் வட கடலுக்குச் சென்றார். பனிக்கட்டிகள் நீரோட்டத்தோடு நகர்வதை அவர் கண்ணால் கண்டது அந்தப் பயணத்தில்தான்.

அதே ஆண்டு பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மழைக்குப் பெயர்போன அந்தத் துறைமுக நகரமும் ஃபியார்டுகளுக்கு நடுவே அமைந்ததுதான். தொழுநோய்க் கிருமியை 1873இல் கண்டறிந்த அர்மவர் ஹான்சென் அங்கு அவருடன் பழகியவர்களுள் ஒருவர். நான்சென் அங்கே கடல் உயிர்களின் நரம்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பின்னிய வலையல்ல, தனித்தனி அணுக்களே என்ற கொள்கைக்கு ஆதரவாக எழுதிய தொடக்க ஆய்வாளர்களுள் அவரும் ஒருவர். 1888இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த சில நாட்களில் கிரீன்லாந்துக்குப் புறப்பட்டுவிட்டார். ஐந்து தோழர்களுடன் அதன் உட்பனியைப் பனிச்சறுக்குக் கட்டைகளில் முதன்முதலாகக் கடந்து காட்டினார். அப்போது அவருக்கு வயது 27கூட நிறையவில்லை.

1889இல் அவர் ஈவா சார்ஸ் என்ற பாடகியை மணந்தார். ஈவாவின் தந்தை மைக்கேல் சார்ஸ், நார்வேயின் கடலடி உயிர்களை ஆராய்ந்து புகழ்பெற்றவர். தம்பதியர் லிசாக்கர் என்னுமிடத்தில், ஆஸ்லோ ஃபியார்டின் கரையோரம் வீடு கட்டிக்கொண்டனர். இந்த ஃபியார்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்; கட்டுரையின் இறுதியில் மீண்டும் இங்கேதான் வரப்போகிறோம்.

நான்சென்னின் பெயரை உலகறியச் செய்தது ஃபிராம் என்ற கப்பல். ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பல் 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நொறுங்கி மூழ்கியது. மூன்றாண்டுகளுக்குப்பின் அதன் பொருள்கள் சில, கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. அப்படியானால் துருவக் கடலின் குறுக்கே ஒரு நீரோட்டம் இருக்க வேண்டுமன்றோ? பனியை எதிர்த்துப் போராடாமல், பனியில் உறைந்து அதனோடே மிதந்து செல்ல ஒரு கப்பல் வேண்டும் என்று நான்சென் துணிந்தார். பனி நெருக்கினால் நொறுங்காமல் மேலெழும்பும்படி உருண்டையான அடிப்பகுதியுடன் ஃபிராம் கட்டப்பட்டது. 1893இல் 13 பேருடன் அது புறப்பட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம், சைபீரியக் கரையோரம் ஒரு விந்தை நிகழ்ந்தது. கடல் அமைதியாக இருந்தது. பொறி முழு வலிமையுடன் ஓடியது. ஆனால் கப்பலோ ஏதோ ஒரு கை பிடித்து இழுப்பதுபோல் நகர மறுத்தது. மேலே ஏறக்குறைய நன்னீராகவும், சற்றே கீழே உப்புநீராகவும் அங்கே கடல் இரண்டடுக்காக இருப்பதை நான்சென் கவனித்துக் குறித்துக்கொண்டார். நார்வே மாலுமிகள் இதற்குச் ‘செத்த நீர்’ என்று பெயரிட்டிருந்தனர். ஆறுகள் வந்து கலக்கும் ஃபியார்டுகளில் அவர்கள் கண்டு பழகிய ஒன்றுதான் அது. எனினும் காரணத்தை எவரும் அறியார்.

திரும்பி வந்தபின் நான்சென் இதை இயற்பியலறிஞர் வில்ஹெல்ம் பியர்க்னெசிடம் கேட்டார். எடை குறைந்த நன்னீருக்கும் எடை மிகுந்த உப்புநீருக்கும் இடைப்பட்ட எல்லையில் கப்பல் தன் ஆற்றலால் அலைகளை எழுப்புகிறது, அந்த அலைகள் மேற்பரப்பில் தெரிவதில்லை, கப்பலின் ஆற்றல் அவற்றிலேயே செலவாகிவிடுகிறது என்பது பியர்க்னெசின் விளக்கம். வாக்ன் வால்ஃபிரிட் எக்மன் என்ற சுவீடன் நாட்டு இளைஞர் தொட்டியில் இரண்டடுக்கு நீர் நிரப்பி, சிறு படகை இழுத்துப் பார்த்து, இதை மெய்ப்பித்தார். அந்த ஆய்வு 1904இல் வெளிவந்தது.

ஃபிராம் பனியில் உறைந்து மூன்றாண்டுகள் மிதந்தது. துருவக் கடல் ஆழமற்றது என்றே அன்று பலர் நம்பினர். நான்சென் கொண்டுபோன ஆழமளக்கும் கயிறு தரையைத் தொடவில்லை. உடனே கப்பலின் எஃகு வடம் ஒன்றைப் பிரித்து, இழைகளை முறுக்கி, நீண்ட புதிய கயிறு ஒன்றைத் திரித்தனர். கடுங்குளிரில், வெட்டவெளிப் பனியில் நடந்த வேலை அது. அதை இறக்கியபோது 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழம் தெரிந்தது. குளிர்ந்த மேல்நீருக்குக் கீழே, அட்லாண்டிக்கிலிருந்து வந்த வெப்பம் மிகுந்த நீரடுக்கு ஒன்று இருப்பதும் தெரிந்தது. காற்று வீசும் திசையில் பனி நேராக நகராமல், சற்று வலப்புறமாக விலகி நகர்வதையும் நான்சென் கண்டார். புவியின் சுழற்சியே இதற்குக் காரணம் என்று கருதினார். பிற்காலத்தில் அதைக் கணிதமாக்கியவரும் எக்மனே.

1895 மார்ச்சில் நான்சென், யோஹான்சென் என்ற ஒரே துணையுடன் கப்பலை விட்டிறங்கித் துருவம் நோக்கி நடந்தார். 86 பாகை 14 கலை வரை சென்றார். அதுவரை மனிதர் எவரும் அவ்வளவு வடக்கே சென்றதில்லை. துருவத்தை அடைய இயலாது என்று கண்டதும் திரும்பினார். ஃபிரான்ஸ் யோசஃப் நிலத்தில் கல்லாலும் தோலாலும் கட்டிய குடிசையில், கரடி இறைச்சியை உண்டு, இருவரும் ஒரு குளிர்காலத்தைக் கழித்தனர். 1896 ஜூனில் ஆங்கிலேயப் பயணி ஜாக்சனை எதிர்பாராமல் சந்தித்து ஊர் திரும்பினர். சில நாட்களில் ஃபிராமும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

வேறொருவராயிருந்தால் அந்தப் புகழோடு நின்றிருப்பார். நான்சென் அளவெடுத்த ஏடுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் ஆசிரியர் எதற்காக என்னை அனுப்பினார் என்பது இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கத் தொடங்கியது.

ஃபிராம் அளவுகளின்படி துருவக் கடலின் அடிநீர், நார்வேக் கடலின் அடிநீரைவிடச் சற்றே உப்பு மிகுந்ததாகத் தோன்றியது. ஆகவே இரண்டுக்கும் நடுவே, ஃபியார்டின் வாசற்படிபோல், உயர்ந்ததொரு கடலடி மேடு இருக்க வேண்டும் என்று அவர் எழுதினார். பின்னர் துல்லியமான அளவுகள் கிடைத்தபோது, ஃபிராமில் எடுத்த உப்பளவுகள் மிகையானவை என்பது தெரிந்தது. அவர் அதை மூடி மறைக்கவில்லை. தம் அளவுகளின் பிழையைத் தாமே எழுதினார். உயிரைப் பணயம் வைத்து எடுத்த அளவு என்பதற்காக ஓர் அளவு சரியாகிவிடாது! ஆழ்கடல் நீரில் உப்பளவு ஆயிரத்தில் மிகச் சிறிய பின்னம் மாறினாலும், நீர் எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்ற முடிவே மாறிவிடும் என்று அவர் வற்புறுத்தினார். நாம் வேதியியல் கூடத்தில் வெள்ளி நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குளோரைடை அளக்கிறோமே, அதே முறையில்தான் அன்று கடல்நீரின் உப்பையும் அளந்தார்கள்.

அந்தத் துல்லியத்துக்காக அவர் கருவிகளைத் திருத்தியமைத்தார். அவர் பெயராலேயே வழங்கும் நான்சென் புட்டி, இரு முனையும் திறந்த உலோகக் குழாய். கம்பியில் கட்டி வேண்டிய ஆழத்துக்கு இறக்குவார்கள். பிறகு ‘தூதுவன்’ எனப்படும் சிறு எடைக்கட்டியைக் கம்பி வழியே நழுவ விடுவார்கள். அது போய்த் தட்டியதும் குழாய் தலைகீழாகக் கவிழ்ந்து, இரு வாயும் மூடிக்கொள்ளும். உடனிருக்கும் வெப்பமானியும் கவிழ, பாதரச இழை அறுபட்டு, அந்த ஆழத்தின் வெப்பநிலையை மாறாமல் காத்து வைக்கும். பல பத்தாண்டுகள் உலகின் ஆய்வுக் கப்பல்கள் எல்லாவற்றிலும் இந்தப் புட்டியே இருந்தது.

1897இல் அவர் கிறிஸ்டியானியாவில் விலங்கியல் பேராசிரியரானார். 1908இல் அந்தப் பதவி கடலியல் பேராசிரியர் பதவியாக மாறியது. கடலாராய்ச்சிக்கான பன்னாட்டு மன்றம் 1902இல் தோன்றியபோது, அதன் நடுவண் ஆய்வுக்கூடம் கிறிஸ்டியானியாவில் அவர் தலைமையில் அமைந்தது. ஹெல்லண்ட்-ஹான்சென் என்ற அறிஞருடன் இணைந்து 1909இல் வெளியிட்ட நார்வேக் கடல் பற்றிய நூல், கடலியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

அவருடைய பிற்கால வாழ்வைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகும். 1905இல் நார்வே சுவீடனிடமிருந்து பிரிந்தபோது நாட்டுக்காகத் தூது சென்றார். 1906 முதல் 1908 வரை லண்டனில் தூதராக இருந்தார். 1907இல் ஈவா மறைந்தார். முதல் உலகப்போர் முடிந்ததும் நாடுகளின் சங்கம் அவரை அழைத்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளை அவர் வீடு சேர்த்தார். ரஷ்யப் பஞ்சத்தில் வாடியவர்களுக்கு உணவு திரட்டினார். நாடிழந்த அகதிகளுக்காக 1922இல் தோன்றிய அடையாளச் சீட்டு ‘நான்சென் பாஸ்போர்ட்’ என்றே பெயர் பெற்றது. அதே ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது. மேற்பரப்பில் தெரியாத துன்பத்தையும் இறங்கிப் பார்த்தவர் அவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1930 மே 13ஆம் நாள், லிசாக்கரில் தாம் கட்டிய பொல்ஹோக்டா என்ற வீட்டில் அவர் காலமானார். அந்த வீட்டுத் தோட்டத்திலேயே அவர் துயில்கிறார்.

இனி அந்த வீட்டை அடுத்துள்ள ஃபியார்டுக்கு வருவோம். ஆஸ்லோ ஃபியார்டின் உட்பகுதி 150 மீட்டருக்கும் மேல் ஆழமானது. ஆனால் ட்ரோபாக் என்ற இடுக்கில் உள்ள வாசற்படியோ மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 20 மீட்டர் ஆழத்திலேயே நிற்கிறது. போதாக்குறைக்கு, நான்சென் சிறுவனாயிருந்த 1870களில், பகைக்கப்பல்களைத் தடுக்க அந்த இடுக்கின் மேற்குப் பகுதியில் நீருக்கடியில் கற்சுவர் ஒன்றும் எழுப்பினார்கள். ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் மேலே மூடிபோல் பரவி, வெளியே செல்கிறது. அதற்குக் கீழே உப்புநீர் உள்ளே வருகிறது. ஆனால் படிக்குக் கீழுள்ள அடிநீர் மட்டும் அசையாமல் கிடக்கிறது. குளிர்காலத்தில் வடகாற்று வீசி மேல்நீரை வெளியே தள்ளும்போது, வெளிக்கடலிலிருந்து எடை மிகுந்த நீர் படியேறி உள்ளே வழிந்தால்தான் அடிநீருக்குப் புத்துயிர். ஃபியார்டின் மூலையிலுள்ள புன்னெ ஃபியார்டில் சில வேளை இது பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே நிகழ்கிறது.

இத்தகைய நீரில்தான் நகரம் தன் கழிவைக் கலந்தது. கழிவிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உண்டு பாசிகள் பெருகின. அவை மடிந்து கீழே இறங்கின. அவற்றை மட்கச் செய்த பாக்டீரியாக்கள் அடிநீரின் ஆக்சிஜனைத் தீர்த்தன. ஆக்சிஜன் தீர்ந்தபின் உண்டாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கிப் உபகரணத்தருகே நின்ற எவருக்கும் அந்த அழுகிய முட்டை நாற்றம் தெரியும். அந்த நீரில் மீன் வாழாது. மேலே பாய்மரப் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன, கீழே உயிரில்லை.

இதைக் கண்டுபிடித்தது கண்ணல்ல, புட்டிதான். பாசிகளின் உற்பத்தியை அளக்க நாம் செய்முறையில் பயன்படுத்தும் ஒளிப்புட்டி, இருட்புட்டி முறையை, கார்டர், கிரான் என்ற இருவர் 1916இல் இந்த ஆஸ்லோ ஃபியார்டில்தான் கையாண்டனர். நான்சென் மறைந்த சில ஆண்டுகளில் பிராருட், ரூட் என்ற ஆய்வாளர்கள் 1933–34இல் ஃபியார்டின் நீரை அடுக்கடுக்காக அளந்தனர். 1960களில் மேலும் விரிவான ஆய்வு நடந்தது. அளவுகள் சேரச் சேர, மறுக்க வழியில்லாமற் போயிற்று. 1982இல் நகரின் மேற்கே பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. பாறையைக் குடைந்த, ஏறக்குறைய 40 கி.மீ. நீளச் சுரங்கம் கழிவுநீரை அங்கே கொண்டு சேர்க்கிறது. சுத்திகரித்த நீரையும் மேலே விடாமல், ஆழத்தில் விடுகிறார்கள். மேலடுக்குப் பாசிகளுக்கு அது உணவாகிவிடக் கூடாதன்றோ? செத்த நீரில் கப்பலை நிறுத்திய அதே நீரடுக்கு, இங்கே மனிதருக்கு உதவுகிறது.

ஃபியார்டு சற்றுத் தெளிந்தது. ஆயினும் கதை முடிந்துவிடவில்லை. மக்கள்தொகை பெருகியது, வயல்களிலிருந்து உரம் வழிகிறது, குளிர்காலம் வெப்பமாகி வருகிறது. 2019இல் அங்கே கடலோரக் காட் மீனைப் பிடிக்கத் தடை விதிக்க நேர்ந்தது. 2021இல் அரசு ஃபியார்டை மீட்கத் தனித் திட்டமே வகுத்தது. நான்சென் வாழ்ந்த பொல்ஹோக்டா வீட்டில் இன்று அவர் பெயரிலேயே ஓர் ஆய்வு நிறுவனம் இயங்கி, சுற்றுச்சூழல் பற்றிய நாடுகளின் கொள்கைகளை ஆராய்ந்து வருகிறது.

நூலை முடித்துவிட்டு நான் ஆசிரியரிடம் போனேன். ஒன்றும் பேசவில்லை, செய்முறைக் கூடத்தின் சாவியை மட்டும் கேட்டேன். அவரும் ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். மூன்று மாதிரிகளையும் மீண்டும் எடுத்து அளந்தேன். குளத்தின் மேல்நீரில் ஆக்சிஜன் நிறைய இருந்தது. அடிநீரில் அதில் பாதிகூட இல்லை. நான் எழுதியிருந்த பொய்க்கணக்கில் அந்தக் குளம் மேலும் கீழும் நலமாக இருந்தது.

நண்பர்களே, ஒரு தசமத்தை மாற்றி எழுதுவதால் யாருக்கு என்ன நட்டம் என்று நானும் எண்ணியவன்தான். ஒரு ஃபியார்டின் அடிநீர் செத்துக்கொண்டிருப்பதை உலகுக்குச் சொன்னவை அத்தகைய தசமங்களே. அவற்றைப் பொய்யாக எழுதியிருந்தால், அந்த நீருக்காகப் பேச வேறு எவர் இருந்திருப்பார்? பழைய பக்கத்தைக் கிழிக்காமல் ஒரு கோடிட்டு அடித்துவிட்டு, அதன் எதிரே புதிய அளவுகளை எழுதினேன். அந்தப் பதிவேடு இன்றும் என்னிடம் இருக்கிறது.